அந்நியமும் சொந்தமும்: சிறுநீரக மாற்றில் நிர்ப்பீடனச் சகிப்பின் வரலாறு

1954ஆம் ஆண்டு டிசெம்பர் 23ஆம் நாள், ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலுள்ள பீற்றர் பென்ற் பிரிகாம் வைத்தியசாலையிலே, உடல்நலம் மிக்க ஓர் இளைஞனின் சிறுநீரகங்களுள் ஒன்று அகற்றப்பெற்று, சாகுந் தறுவாயிலிருந்த அவனது இரட்டைச் சகோதரனின் உடலிற் பொருத்தப்பட்டது. ஜோசப் மரே என்னும் சத்திரசிகிச்சை நிபுணரின் குழுவினர் ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் உழைத்தனர். குருதிக் கலன்கள் இணைக்கப்பட்டுச் சிறிது நேரத்துள் அச்சிறுநீரகம் தன் தொழிலைத் தொடங்கிற்று. அதனைப் பெற்றவன் மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தான். ஈந்தவன் 2010ஆம் ஆண்டுவரை வாழ்ந்தான். உறுப்பு மாற்றுச் சிகிச்சையின் வரலாற்றை எழுதுவோர் பலரும் இந்நிகழ்ச்சியையே தொடக்கமாகக் கொள்வர்.

ஆயின், நிர்ப்பீடனவியலின் நோக்கில் இவ்வெற்றியில் ஒரு விந்தை உண்டு. அந்நிய இழையத்தை உடல் ஏன் நிராகரிக்கிறது என்னும் வினாவுக்கு இச்சத்திரசிகிச்சை விடை கூறவில்லை. அவ்வினாவை விலகிச் சென்றதனாலேயே வென்றது. சகோதரர் இருவரும் ஒரே கருமுட்டையிலிருந்து பிரிந்து தோன்றியவர்கள். ஒருவனின் சிறுநீரகம் மற்றவனின் உடலுக்கு அந்நியமே அன்று. இதனை வைத்தியர்கள் முன்னரே நன்குணர்ந்திருந்தனர். ஒத்த இரட்டையரிடையே மாற்றப்பட்ட தோல் நிலைத்திருக்கும் என்பதை அமெரிக்காவில் ஜேம்ஸ் பறெற் பிறவுண் என்பார் 1937இல் காட்டியிருந்தார். எனவே மரேயும் அவருடைய தோழர்களும் முதலில் ஒருவனின் தோலில் ஒரு துண்டை மற்றவன்மேல் ஒட்டி, அது வாரக்கணக்காக அழியாதிருப்பதைக் கண்டனர். பொலிஸ் நிலையத்திற் கைவிரல் அடையாளங்கள்கூட ஒப்பிடப்பட்டன. இரட்டையர் என்பது ஐயமற உறுதியான பின்னரே கத்தி எடுக்கப்பட்டது.

ஒத்த இரட்டைச் சகோதரர் வாய்க்கப்பெற்ற நோயாளர் எத்தனை பேர்? ஏனையோருக்கு மற்றொருவரின் சிறுநீரகம் அந்நியமாகவே இருக்கும். அவ்வந்நியத்தைத் தனதென ஏற்குமாறு உடலைப் பழக்க இயலுமா என்பதே உண்மையான பிரச்சினை. இயலும் என்பதற்கான முதற் சான்று பொஸ்டன் நிகழ்ச்சிக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே வெளிவந்துவிட்டது. அது வைத்தியசாலையிலிருந்து வரவில்லை. மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்தது.

அதற்கு முன்னிருந்த நிலையைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். குருதிக் கலன்களைத் தைத்து இணைக்கும் நுட்பத்தை அலெக்சிஸ் கரெல் 1902ஆம் ஆண்டளவில் வகுத்தார். 1912இல் நொபெல் பரிசும் பெற்றார். நாயின் சிறுநீரகத்தை அகற்றி, அதே நாயின் கழுத்திற் பொருத்தினால் அது தொழிற்பட்டது; வேறொரு நாயிற் பொருத்தினால் சில நாள்களில் அழிந்தது. தையல் ஒன்றே, கையும் ஒன்றே. விளைவு மட்டும் வேறு. எனவே தவறு சத்திரசிகிச்சையில் இல்லை என்பது கரெலுக்குத் தெளிவாகிற்று. எனினும் காரணம் யாதென்பதை அவரால் அறுதியிட்டுரைக்க இயலவில்லை. 1933இல் உக்ரேனின் கேர்சன் நகரில் யூரி வொறொனோய், இறந்த ஒருவரின் சிறுநீரகத்தை மனிதர் ஒருவருக்கு முதன்முதலாகப் பொருத்தினார். குருதி இனமும் பொருந்தவில்லை. நோயாளி இரண்டு நாள்களில் இறந்தார். 1952 டிசெம்பரில் பாரிசில், விபத்தொன்றில் தன் ஒரே சிறுநீரகத்தை இழந்த பதினாறு வயதுச் சிறுவனுக்கு அவனது தாய் தன் சிறுநீரகம் ஒன்றை ஈந்தாள். மூன்று வாரங்கள் அது செவ்வனே இயங்கியது. பின்னர் திடீரென ஓய்ந்தது. பெற்ற தாயின் உறுப்பையும் மகனின் உடல் பகையெனக் கொண்டது. குருதியைத் தூய்மை செய்யும் பொறி அங்கு இல்லாமையால் சிறுவன் இறந்தான்.

நிராகரிப்பு என்பது ஒரு நிர்ப்பீடனச் செயல் என்பதை நிறுவியவர் பீற்றர் மெடவர் என்னும் விலங்கியலாளர். 1940இல் ஒக்ஸ்போட்டில் அவர் வாழ்ந்த வீட்டுக்கு அண்மையில் பிரித்தானியக் குண்டுவீச்சு விமானம் ஒன்று வீழ்ந்து எரிந்தது. கடுமையான எரிகாயங்களுடன் உயிர்தப்பிய விமானி ஒருவனுக்கு ஏதும் வழியுண்டோ என வைத்தியர்கள் அவரை வினவினர். எரிகாயம் பட்டோருக்குப் பிறரின் தோலை ஒட்டலாகாதா என்பது போர்க்காலத்தின் அவசர வினா. மெடவர் கிளாஸ்கோ சென்று, தோமஸ் கிப்சன் என்னும் சத்திரசிகிச்சையாளருடன் பணியாற்றினார். எரிகாயமுற்ற பெண்ணொருத்தியின் புண்களில் அவளது சொந்தத் தோலின் சிறு துண்டுகளும், அவளுடைய சகோதரனின் தோலின் சிறு துண்டுகளும் பதிக்கப்பட்டன. சொந்தத் தோல் வேரூன்றியது. சகோதரனின் தோல் சில நாள் வாழ்ந்து பின் சிதைந்தது. முக்கியமான அவதானிப்பு இதற்குப் பின்னரே வந்தது. அதே சகோதரனின் தோலை இரண்டாம் முறை பதித்தபோது, அது முன்னையதிலும் மிக விரைவாக அழிந்தது. ஒருமுறை அம்மை நோய் கண்டவரின் உடல் அந்நோயை நினைவில் வைத்திருப்பது போல, இவ்வுடலும் அத்தோலை நினைவில் வைத்திருந்தது. நினைவு உண்டெனின் அது நிர்ப்பீடனமே என்பது 1943இல் அவ்விருவரும் வெளியிட்ட கட்டுரையின் முடிபு. தொடர்ந்து முயல்களிற் செய்த விரிவான பரிசோதனைகளால் மெடவர் அதனை உறுதிப்படுத்தினார்.

இம்முடிபு அறிவியலுக்கு வெற்றியாயினும் சிகிச்சைக்குத் தோல்வி போலவே தோன்றிற்று. வைரசிலிருந்தும் பற்றீரியாவிலிருந்தும் உயிரைக் காக்கும் அதே ஆற்றல்தான் ஒட்டையும் அழிக்கிறது எனின், அதனை அகற்றி உயிர் வாழ்வது எங்ஙனம்? ஒவ்வொரு மனிதனின் தனித்தன்மையும் மீறவொண்ணாத இயற்கை விதியெனவே உயிரியலாளர் பலர் அந்நாளிற் கருதினர்.

இந்நிலையில்தான் மாடுகள் வரலாற்றினுள் நுழைகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் றே ஓவன் என்னும் இளம் ஆய்வாளர் மாடுகளின் குருதி இனங்களை ஆராய்ந்து வந்தார். அவர் பாற்பண்ணையில் வளர்ந்தவர். மாடுகளை ஏட்டில் மட்டும் அறிந்தவரல்லர். மேரிலண்ட் மாநிலத்துப் பண்ணைக்காரர் ஒருவரிடமிருந்து அவ்வாய்வுகூடத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அவருடைய குவேர்ன்சி இனப் பசுவொன்று அதே இனக் காளையுடன் சேர்க்கப்பட்ட அன்றே, ஹியர்போட் இனக் காளையொன்றுடனும் சேர்ந்துவிட்டது. பிறந்தவை இரட்டைக் கன்றுகள். நாகுகன்று குவேர்ன்சியின் சாயலிலும், நாம்பன் கன்று ஹியர்போட்டுக்குரிய வெண்முகத்துடனும் இருந்தன. தந்தையர் இருவர் என்பது கண்ணுக்கே தெரிந்தது. ஓவன் அவற்றின் குருதியைச் சோதித்தபோது, ஒவ்வொரு கன்றின் குருதியிலும் இரு தந்தையரின் அடையாளங்களும் கலந்திருந்தன. தன் தந்தை அல்லாத காளையின் குருதியடையாளம் ஒரு கன்றின் உடலில் எவ்வாறு வந்தது?

விடைக்கு வேண்டிய செய்தி ஏற்கெனவே இருந்தது. நாம்பனுடன் இரட்டையாகப் பிறக்கும் நாகு பெரும்பாலும் மலடாயிருக்கும் என்பதைப் பண்ணைக்காரர் நெடுங்காலமாக அறிவர். சிக்காக்கோவைச் சேர்ந்த பிராங் லில்லி 1916இலும் 1917இலும் அதன் காரணத்தை விளக்கினார். தாயின் வயிற்றில் இரு முளையங்களின் சூல்வித்தகக் குருதிக் கலன்கள் ஒன்றுடனொன்று இணைந்துவிடுவதால், ஆண் முளையத்தின் ஓமோன் பெண் முளையத்தின் வளர்ச்சியைக் குலைக்கிறது என்பது அவர் விளக்கம். ஓமோன் செல்லும் வழியே குருதிக் கலங்களும் செல்லலாமன்றோ என ஓவன் சிந்தித்தார். அவர் சோதித்த இரட்டைக் கன்றுகளுள் மிகப் பெரும்பாலானவற்றில் இக்கலப்பு இருந்தது. செங்குழியங்களின் ஆயுள் சில மாதங்களே. கன்று வளர்ந்து மாடான பின்னரும் கலப்பு நீடித்தமையால், செங்குழியங்களை ஈனும் மூலக் கலங்களே இடம்பெயர்ந்து மற்றதன் என்பு மச்சையிற் குடியேறியிருத்தல் வேண்டும் என அவர் முடிவு செய்தார். இக்கண்டுபிடிப்பு 1945இல் வெளியாயிற்று. பிறவியிலே அந்நியமான கலங்கள், ஓர் உடலில் வாழ்நாள் முழுதும் எதிர்ப்பின்றி வாழ்ந்திருந்தன. மீறவொண்ணாதது எனக் கருதப்பட்ட விதியைப் பசுவின் கருப்பை எவர் அறிவுமின்றி மீறிக்கொண்டிருந்தது.

இதன் பொருளை முதலில் உணர்ந்தவர் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மக்பார்லன் பேர்ணெற். 1949இல் பிராங் பெனருடன் இணைந்து அவர் வெளியிட்ட நூலில், தனது எது, பிறிது எது என்னும் அறிவு உடலுக்குப் பிறப்புரிமையாக வருவதன்று என்றும், முளையப் பருவத்தில் அது கற்கப்படுகிறது என்றும் வாதிட்டார். அப்பருவத்தில் உடலினுள் இருப்பன எல்லாம் தன்னவையாகக் கொள்ளப்படும். எனவே உரிய காலத்தில் அந்நியக் கலங்களைப் புகுத்தினால் அவையும் தன்னவையாகிவிடும் என அவர் எதிர்வு கூறினார். அதனைக் கோழி முளையங்களிற் சோதித்தும் பார்த்தார், வெற்றி கிட்டவில்லை. கொள்கை வகுத்தவர் ஒருவராகவும் அதனை நிறுவியவர் வேறொருவராகவும் அமைவது அறிவியலில் அரிதன்று.

மெடவர் இத்துறைக்கு மீண்டு வந்த வரலாறு சுவையானது. 1948இல் ஸ்டொக்ஹோமில் நிகழ்ந்த மரபியல் மாநாடொன்றில், இரட்டைக் கன்றுகளுள் ஒத்தவை எவை, ஒவ்வாதவை எவை எனப் பிரித்தறிய வழியுண்டோ என ஒருவர் அவரை வினவினார். தோலை மாற்றி ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், அது எளிது என மெடவர் விடையிறுத்தார். சொன்னதைச் செய்து காட்டும்படி அழைப்பு வந்தது. ஸ்டபோட்ஷயரிலிருந்த பண்ணையொன்றுக்கு றூபேட் பில்லிங்ஹாம் என்னும் தம் உதவியாளருடன் சென்று அவர் ஒட்டிய தோல்கள், ஒத்த கன்றுகளிலும் நிலைத்தன. ஒவ்வாத கன்றுகளிலும் நிலைத்தன. ஆணும் பெண்ணுமான இரட்டைகளிற்கூட அவ்வாறே. சோதனை தன் நோக்கத்தில் முற்றாகத் தோற்றது. ஓவனின் கட்டுரையை அவர்கள் அதுவரை அறியவில்லை; பேர்ணெற், பெனர் ஆகியோரின் நூல்வழியே அறிந்தபோதுதான் தம் தோல்வி எதனைக் காட்டுகிறது என்பது அவர்களுக்கு விளங்கிற்று.

இயற்கை கன்றுகளிற் செய்ததை ஆய்வுகூடத்தில் தாமே செய்வது அடுத்த முயற்சியாயிற்று. இலண்டன் யூனிவேர்சிற்றிக் கல்லூரியில் மெடவர், பில்லிங்ஹாம், லெஸ்லி பிரெண்ட் ஆகிய மூவரும் சுண்டெலிகளைக்கொண்டு அதனை மேற்கொண்டனர். (பிரெண்ட் நாசிகளின் ஜேர்மனியிலிருந்து 1938இல் சிறுவனாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட யூதர், அவருடைய குடும்பத்தினர் கொல்லப்பட்டனர். அந்நியத்தை ஏற்றல் பற்றிய இவ்வாய்வில் அவரும் ஒருவராயிருந்தமை நினைக்கத்தக்கது.) கருவுற்ற சுண்டெலியின் வயிற்றிலிருந்த முளையங்களுள், வேறோர் இனச் சுண்டெலியின் விதை, சிறுநீரகம், மண்ணீரல் ஆகியவற்றின் கலங்கள் நுண்ணூசியால் ஏற்றப்பட்டன. முக்கியமான பரிசோதனையிற் பிறந்து வளர்ந்த குட்டிகள் ஐந்து. எட்டு வாரங்களின் பின் அவற்றின்மேல் அவ்வேற்றினத்தின் தோல் ஒட்டப்பட்டது. இரண்டில் தோல் வழக்கம்போல் சிதைந்தது. மூன்றில் அது சொந்தத் தோலைப் போலவே வளர்ந்து மயிரும் முளைத்தது.

இதனினும் நுட்பமானது அடுத்த படி. அத்தோல் நிலைத்திருப்பதற்கு, அதுவே தன் அந்நிய இயல்பை இழந்துவிட்டமை காரணமாகலாமன்றோ? இதனை அறிய, அவ்வேற்றினத் தோலை முன்னரே நிராகரித்துப் பழகிய ஒரு சாதாரணச் சுண்டெலியின் நிணநீர்க் கணுக்களை, சகிப்புற்ற சுண்டெலிக்குள் அவர்கள் மாற்றினர். நெடுநாள் நலமாயிருந்த தோல் விரைவில் அழிந்தது. எனவே தோல் மாறவில்லை. அதனை ஏற்ற உடலே மாறியிருந்தது. வேறோர் இனத்தின் தோலை அச்சுண்டெலி வழக்கம்போல் நிராகரித்தமையால், அதன் பாதுகாப்பு ஆற்றல் குன்றவுமில்லை. ஒரு குறித்த அந்நியத்துக்கு மட்டும் உரிய இவ்விணக்கத்துக்கே நிர்ப்பீடனச் சகிப்பு என்று பெயர். அக்கட்டுரை 1953இல் வெளியாயிற்று. பேர்ணெற்றும் மெடவரும் 1960இல் நொபெல் பரிசைப் பகிர்ந்தனர். மெடவர் தம் பங்கிலிருந்து பில்லிங்ஹாமுக்கும் பிரெண்டுக்கும் பகிர்ந்தளித்தார். ஓவனும் பரிசிற் பங்குபெற்றிருக்க வேண்டும் என அவருக்கே எழுதினார். மாட்டுத் தொழுவத்தை மறவாத பண்பு அது.

அதே 1953இல், செக்கொசிலோவாக்கியாவின் பிராக் நகரில் மிலான் ஹசெக் என்பார் இரு கோழி முளையங்களின் குருதியோட்டத்தை இணைத்து, பின்னர் அப்பறவைகள் ஒன்றன் குருதிக்கு மற்றொன்று பிறபொருளெதிரியை ஆக்குவதில்லை எனக் கண்டார். ஆயின் அக்காலத்துச் சோவியத் உயிரியலில் ஆட்சி செலுத்திய லைசென்கோவின் கொள்கைக்கேற்ப, அதனை ஒருவகைக் கலப்பினமாக்கல் என விளங்கிக்கொண்டார். கண்ட உண்மை ஒன்று. அதனைக் காணவிடாத கொள்கை மற்றொன்று. பின்னர் அவரும் உண்மையை ஏற்றார்.

இங்கு ஒரு பொதுவான தவறான எண்ணம் திருத்தப்பட வேண்டும். 1953இன் கண்டுபிடிப்பிலிருந்தே சிறுநீரக மாற்று நேராகப் பிறந்தது எனப் பாடநூல்கள் சில தோற்றந்தருகின்றன. உண்மை அவ்வாறன்று. முளையத்துக்குள் கலங்களைப் புகுத்துதல் சிறுநீரகம் பழுதடைந்த வளர்ந்த மனிதனுக்கு எவ்விதத்திலும் உதவாது. மெடவரும் இதனை ஒளிக்கவில்லை. தம் பரிசோதனை ஒரு வழியைத் தரவில்லை, வழி உண்டு என்பதையே காட்டிற்று என்பது அவர் மதிப்பீடு. அன்றியும், பில்லிங்ஹாமும் பிரெண்டும் மற்றோர் ஆபத்தையும் கண்டனர். பிறந்த குட்டிகளுக்கு ஏற்றப்பட்ட அந்நிய நிணநீர்க்குழியங்கள் சிலவேளை தாமே விருந்தோம்பிய உடலைத் தாக்கின. குட்டிகள் வளர்ச்சி குன்றி மெலிந்து இறந்தன. வந்தேறிய கலங்களை வீட்டுக்காரன் சகிக்கலாம். அவை வீட்டுக்காரனைச் சகிக்குமா என்பது வேறு வினா.

நம்பிக்கை பெற்ற வைத்தியர்கள் வளர்ந்த உடலை முளையத்தின் நிலைக்கு மீட்க முனைந்தனர். முழு உடலையும் எக்ஸ்-கதிர்களுக்கு உட்படுத்தி, நிர்ப்பீடனத் தொகுதியைச் சிதைத்து, அது மீளத் தளிர்க்குமுன் சிறுநீரகத்தைப் பொருத்துவதே உபாயம். பொஸ்டனில் 1958 முதல் சில ஆண்டுகளுள் பன்னிருவர் இம்முறைக்கு உள்ளாயினர். 1959 ஜனவரியில் ஒவ்வாத இரட்டைச் சகோதரனின் சிறுநீரகத்தைப் பெற்ற ஒருவர் மட்டுமே நெடுங்காலம் வாழ்ந்தார். ஏனையோர் பெரும்பாலும் கதிர்வீச்சால் எதிர்ப்பாற்றல் இழந்து, தொற்றுகளுக்கு இரையாயினர். அவ்வாண்டில் பாரிசிலும் ஒவ்வாத இரட்டையரிடையே இத்தகைய வெற்றி ஒன்று கிட்டியது. மரபியல்பு வேறுபட்ட உறுப்பும் மனித உடலில் நிலைக்கலாம் என்பதற்கு இவ்விருவரும் சான்றாயினர். அச்சான்றின் விலையை மற்றவர்கள் செலுத்தினர். வெற்றியாளரின் பட்டியலில் அவர்கள் இடம்பெறுவதில்லை.

மாற்று வழி முற்றிலும் வேறொரு திசையிலிருந்து வந்தது. ஜோர்ஜ் ஹிச்சிங்சும் ஜேர்ட்ரூட் எலியனும் நியூ யோர்க் மாநிலத்து மருந்துக் கம்பனி ஆய்வுகூடமொன்றில், குருதிப் புற்றுநோய்க்கென 6-மேர்க்கப்ரோப்பூரின் என்னும் மருந்தை ஆக்கியிருந்தனர். விரைந்து பிரியும் கலங்களின் பெருக்கத்தை அது தடுத்தது. அந்நியத்தைக் கண்டதும் விரைந்து பெருகுவன நிணநீர்க்குழியங்களும் அல்லவா? 1959இல் றொபேட் ஷ்வார்ட்சும் வில்லியம் டமெஷெக்கும், மனிதக் குருதிப் புரதத்தை முயல்களுக்கு ஏற்றி, கூடவே இம்மருந்தையும் கொடுத்தனர். முயல்கள் பிறபொருளெதிரிகளை ஆக்கவில்லை. மருந்தை நிறுத்திய பின்னரும் அப்புரதத்துக்கு எதிராக அவை எழவில்லை. பிற புரதங்களுக்கு எதிராக வழக்கம்போல் எழுந்தன. வளர்ந்த விலங்கிலும் சகிப்பை உண்டாக்கலாம் என்பதே இதன் பொருள். இலண்டனில் றோய் கான் இம்மருந்தை நாய்களின் சிறுநீரக மாற்றிற் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, 1960இல் பொஸ்டன் சென்று மரேயுடன் சேர்ந்தார். எலியனும் ஹிச்சிங்சும் அளித்த அசாதியோப்பிரீன் என்னும் புதிய மருந்து மேலும் நற்பயன் தந்தது. மாற்றுச் சிறுநீரகத்துடன் மாதக்கணக்கில் வாழ்ந்த ‘லொலிபொப்’ என்னும் நாய், வைத்தியசாலைக் கூட்டமொன்றில் வைத்தியர்களிடையே துள்ளித் திரிந்ததாம். 1962 ஏப்ரிலில், இறந்த ஒருவரின் சிறுநீரகம் அசாதியோப்பிரீனின் துணையுடன் உறவில்லாத நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டு, ஓராண்டுக்கும் மேலாக இயங்கியது.

1963இல் டென்வர் நகரின் தோமஸ் ஸ்டார்சில், அசாதியோப்பிரீனுடன் பிரெட்னிசோனைச் சேர்த்துக் கொடுத்தால், தொடங்கிவிட்ட நிராகரிப்பையும் திருப்பிவிடலாம் எனக் காட்டினார். நிராகரிப்பு வந்தால் எல்லாம் முடிந்தது என்னும் எண்ணம் அன்றுடன் மாறிற்று. அவர் கூறிய மற்றொரு செய்தி அத்துணை கவனம் பெறவில்லை. முதற் சில மாதங்களைக் கடந்த நோயாளருக்கு மருந்தின் அளவைக் குறைக்க முடிந்தது. உறுப்புக்கும் உடலுக்கும் இடையே ஏதோ ஓர் இணக்கம் தோன்றியிருந்தது. தம் கட்டுரையின் தலைப்பிலேயே சகிப்பு என்னும் சொல்லை அவர் ஆண்டார். அச்சொல் மிகையென எண்ணியோர் உளர். ஆயின் அவருடைய அக்கால நோயாளருள் ஒருசிலர் மருந்தை அறவே விட்ட பின்னரும் பல்லாண்டுகள் அதே சிறுநீரகத்துடன் வாழ்ந்தனர்.

அவ்வொருசிலரை நீக்கினால், வைத்தியசாலைகள் அடைந்தது சகிப்பு அன்று; அடக்கம் எனலே தகும். சகிப்பில் ஒரு குறித்த அந்நியத்துக்கு மட்டுமே உடல் இணங்குகிறது. அடக்கத்திலோ எல்லா அந்நியத்துக்கும் எதிரான ஆற்றல் ஒருங்கே தாழ்த்தப்படுகிறது. முகம் ஊதுதல், என்பு நலிதல், சாதாரண மனிதனைத் தீண்டாத கிருமிகளின் தொற்று, காலப்போக்கிற் புற்றுநோய் என அடக்கத்தின் விலை நீண்டது. மாத்திரையை நிறுத்தினால் சிறுநீரகம் அழியும்; தொடர்ந்தால் உடல் நலியும். 1970களின் நோயாளர் இவ்விரண்டுக்கும் இடையில் வாழ்ந்தனர்.

இக்காலத்தில் குருதி மீண்டும் ஒரு புதிருடன் தோன்றிற்று. முன்னர் பிறர் குருதி ஏற்றப்பட்டவரின் உடல் அந்நிய அடையாளங்களுக்கெதிராக விழிப்புற்றிருக்கும். ஆதலால் சிறுநீரக மாற்றுக்குக் காத்திருப்போருக்குக் குருதியேற்றல் தவிர்க்கப்பட்டு வந்தது. 1973இல் கெர்ஹாட் ஒப்பெல்சும் போல் தெறசாக்கியும் இதற்கு நேர்மாறான செய்தியை வெளியிட்டனர். குருதி ஏற்றப்பட்டவர்களிடத்தே சிறுநீரகம் கூடுதலாக நிலைத்தது. சில காலம் வைத்தியசாலைகள் வேண்டுமென்றே முன்கூட்டிக் குருதி ஏற்றின. ஓவனின் கன்றுகளில் நிகழ்ந்ததன் மங்கிய நிழலோ இது என எண்ணத் தோன்றும். ஆயின் காரணம் தெளிவாகுமுன்னரே, ஆற்றல் மிக்க மருந்தொன்று வந்து அவ்வேறுபாட்டை மறைத்துவிட்டது.

அம்மருந்து சைக்கிளோஸ்போரின். நோர்வேயின் ஹார்டாங்கர் மேட்டுநிலத்து மண்ணிலிருந்து பெறப்பட்ட பங்கசு ஒன்று அதன் மூலம். சுவிற்சர்லாந்தின் பேசல் நகரில் சன்டோஸ் நிறுவனத்தின் ஜோன் போறெல் முதலானோர் அதன் இயல்பை 1976இல் வெளியிட்டனர். கேம்பிறிட்ஜில் றோய் கான் 1978இல் மனிதரிற் பயன்படுத்தினார். ஏனைய கலங்களை அதிகம் தீண்டாது, நிணநீர்க்குழியங்களின் எழுச்சியை அது தடுத்தது. 1980களில் சிறுநீரக மாற்று உலகெங்கும் பரவியமைக்கு இம்மருந்தே முதற் காரணம். அது சிறுநீரகத்துக்கே நஞ்சு என்பதையும் கான் தொடக்கத்திலேயே கண்டார். ஒட்டைக் காக்கும் மருந்து ஒட்டையே மெல்ல அரித்தது.

சகிப்பு உடலினுள் எவ்வாறு நிகழ்கிறது என்பதை ஆய்வுகூடங்கள் இதற்கிடையில் ஒவ்வொரு கூறாக விளக்கி வந்தன. நிராகரிப்பின் கருவி நிணநீர்க்குழியமே என்பது ஜேம்ஸ் கவன்சின் ஆய்வுகளால் தெளிவாயிற்று. அக்குழியங்களுட் பெரும்பகுதி தைமசுச் சுரப்பியிற் பயில்கின்றன என்பதை ஜாக் மில்லர் 1961இல் காட்டினார். மனிதக் கலங்களின் மேற்பரப்பிலுள்ள இழையப் பொருத்தக் காரணிகளை ஜீன் டோசே 1958இலிருந்து இனங்கண்டார். ஒரே பெற்றோரின் பிள்ளைகள் இருவர் அவற்றில் முற்றும் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. தைமசினுள் தன்னுடலுக்கு எதிராக எழக்கூடிய குழியங்கள் பயிற்சியின்போதே அழிக்கப்படுகின்றன என்பது 1987இல் நேரடியாகக் காட்டப்பட்டது. பேர்ணெற் எதிர்வு கூறிய கல்வி இதுவே. அந்நியக் கலங்கள் என்பு மச்சையிலும் தைமசிலும் இடம்பிடித்தால், அவற்றுக்கு எதிரான குழியங்களும் அங்கேயே மடியும். மாட்டுக் கன்றுகளின் மர்மம் பெரும்பாலும் இதனால் விளங்கும்.

ஆயின் அழித்தல் மட்டும் போதாது. தைமசிலிருந்து தப்பி வெளிவரும் குழியங்களைக் கட்டுப்படுத்தும் பிறிதொரு குழிய வகை உண்டென்னும் கருத்து 1970களில் எழுந்து, சான்று தளர்ந்தமையால் ஏளனத்துக்கும் உள்ளாயிற்று. யப்பானியரான சிமொன் சக்காகுச்சி அக்கருத்தை விடாது பற்றிநின்று, 1995இல் அத்தகைய ஒழுங்காக்கும் குழியங்களைப் பிரித்துக் காட்டினார். 2001இல் மேரி பிறங்கோவும் பிரெட் றாம்ஸ்டெல்லும், பிறவியிலேயே நோயுற்ற ஒருவகைச் சுண்டெலிகளை ஆராய்ந்து, ‘பொக்ஸ்-பீ-மூன்று’ என்னும் பரம்பரையலகை இனங்கண்டனர். ஒழுங்காக்கும் குழியங்களின் வளர்ச்சியை ஆள்வது அதுவே என்பது பின்னர் தெளிவாயிற்று. மூவருக்கும் 2025இல் நொபெல் பரிசு வழங்கப்பட்டது. மெடவரும் பேர்ணெற்றும் அதே பொருளுக்காகப் பரிசு பெற்று அறுபத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

1992இல் ஸ்டார்சில், பல்லாண்டுகளுக்கு முன் உறுப்புப் பெற்று நலமாயிருந்தோரின் தோலையும் நிணநீர்க் கணுக்களையும் ஆராய்ந்து, ஈந்தவரின் கலங்கள் மிகச் சிறு தொகையில் அங்கு வாழ்ந்திருப்பதைக் கண்டார். சிறுநீரகத்துடன் ஒட்டிவந்த வெண்குழியங்கள் வெளியேறி உடலெங்கும் குடியேறியிருந்தன. இக்கலப்பே சகிப்புக்குக் காரணம் என அவர் கொண்டார். கலப்பு சகிப்பின் விளைவாகலாம், காரணமாகாது என மறுத்தோரும் பலர். அவ்வழக்கு முற்றாகத் தீரவில்லை. ஆயினும் ஓவனின் தொழுவத்துக்கு வைத்தியம் திரும்பிச் செல்வதற்கு அது ஒரு தூண்டுதலாயிற்று.

சிறுநீரகத்தை ஈபவரிடமிருந்தே என்பு மச்சையையும் பெற்று இரண்டையும் ஒருங்கே மாற்றுவது அவ்வழி. 2008இல் பொஸ்டனின் மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையைச் சேர்ந்த தற்சுவோ கவாய், டேவிட் சக்ஸ் முதலானோர், இழையப் பொருத்தம் குறைந்த உறவினரிடமிருந்து இவ்வாறு பெற்ற ஐவர் பற்றிய முடிபுகளை வெளியிட்டனர். நால்வர் மருந்தை முற்றாக நிறுத்தியும் சிறுநீரகம் நிலைத்தது. ஒருவரில் அது நிராகரிக்கப்பட்டது. கன்றுகளிற் கலப்பு வாழ்நாள் முழுதும் நீடித்தது. இந்நோயாளரிடத்தோ சில வாரங்களில் மறைந்துவிட்டது. எனினும் சகிப்பு எஞ்சிற்று. அவ்விடைவெளியைக் காப்பதில் ஒழுங்காக்கும் குழியங்களுக்குப் பங்குண்டு எனக் கருதப்படுகிறது. ஸ்ரான்போட்டில் சாமுவேல் ஸ்ரோபரின் குழுவினர் அதே ஆண்டில், இழையம் முற்றும் பொருந்திய உடன்பிறப்புகளிடையே கலப்பை நெடுநாள் நிலைநிறுத்தி மருந்தை நிறுத்தக் காட்டினர்.

இம்முறைகள் இன்றும் தெரிந்தெடுத்த சிலருக்கே உரியன. உடலைத் தயார்ப்படுத்தும் சிகிச்சை கடுமையானது. இறந்தவரிடமிருந்து திடீரெனக் கிடைக்கும் சிறுநீரகத்துக்கு அதனைப் பொருத்துதல் கடினம். வந்த கலங்கள் உடலைத் தாக்கும் பழைய ஆபத்தும் நீங்கவில்லை. மற்றொரு புறம், அடக்கும் மருந்தைப் பல்லாண்டுகளாக உண்டுவரும் நோயாளருள் ஒருசிலரின் உடல், ஸ்டார்சிலின் நோயாளரைப் போல, ஏற்கெனவே சகிப்பை எய்தியிருக்கவும் கூடும். அவர் யாவர் என்பதை முன்கூட்டி ஐயமற உரைக்கும் பரிசோதனை எதுவும் வைத்தியசாலைகளின் அன்றாட வழக்கிற்கு இன்னும் வரவில்லை. மருந்தை நிறுத்திப் பார்ப்பதே அறியும் வழி. பிழைத்தால் இழப்பது சிறுநீரகம். ஆதலின் அந்நோயாளரும் ஏனையோருடன் சேர்ந்து நாள்தோறும் மாத்திரையை உண்டு வருகின்றனர்.